ராணுவ அடையாள அட்டை: ஒரே ஒரு போட்டோ போதும்... மோசடிக்காரர் 'மிலிட்டரிக்காரர்' ஆகிவிடுவார்!

"ஆக்டிவா விற்பனைக்கு. சிங்கிள் ஓனர். விலை 20,000 ரூபாய். ஆர்மியில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு, அதான் அவசரமா கொடுக்கிறேன்."

இப்படி ஒரு விளம்பரத்தை ஓஎல்எக்ஸிலோ, ஃபேஸ்புக்கிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். விலை ரொம்பக் குறைவா இருக்கேன்னு ஒரு சந்தேகம் வரும். போன் செய்து கேட்டால், அடுத்த நிமிஷமே வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோக்கள் வந்து விழும். ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, யூனிஃபார்மில் கம்பீரமாக நிற்கும் ஒருவரின் படம். அவ்வளவுதான், சந்தேகம் காணாமல் போய்விடும். "மிலிட்டரிக்காரர்ங்க, அவர் எதுக்குப் பொய் சொல்லப் போறார்?"

அந்த ஒரு நொடி நம்பிக்கைதான் மோசடிக்காரர்களுக்கு வேண்டும். அந்தப் படத்தில் இருப்பவர் பெரும்பாலும் நிஜமான ராணுவ வீரராகவே இருப்பார், அட்டையும் அவருடையதாகவே இருக்கும். ஆனால், போனில் பேசுபவர் அவர் கிடையாது. தன் அட்டையை வைத்து யாரோ பணம் பறிப்பது எல்லையில் காவலில் நிற்கும் அந்த வீரருக்குத் தெரியவே தெரியாது. பணத்தை இழந்தவர்கள் தேடிப்பிடித்து போன் செய்து திட்டும்போதுதான் தெரியவரும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது கச்சிராயபாளையம். ஒரு பக்கம் கூட்டுறவு சர்க்கரை ஆலை, இன்னொரு பக்கம் கோமுகி அணை, அதைத் தாண்டினால் மலைப்பாதை. இந்த மாதிரி ஊர்களில், 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று சொன்னாலே வழி காட்டிவிடுவார்கள். அந்த வீட்டு பீரோவிலும், டிரங்க் பெட்டியிலும், பர்ஸிலும் இருக்கும் அட்டைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில் ராணுவத்தில் இருப்பவரோ, ஓய்வு பெற்றவரோ இல்லாவிட்டாலும் படியுங்கள். ஏனென்றால், ஏமாற்றப்படும் அந்த எதிர்முனை ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

எந்த அட்டை எதற்கு?

'ஆர்மி கார்டு' என்று பொதுவாகச் சொன்னாலும், ஒரு ராணுவக் குடும்பத்தில் நான்கைந்து ஆவணங்கள் இருக்கும்.

பணியில் இருக்கும் வீரரின் அடையாள அட்டை முதலாவது. இதைப் படைப்பிரிவு கொடுக்கும். பணி முடிந்து வரும்போது திரும்ப ஒப்படைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை. இதைக் கொடுப்பது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல்தான் என்பதால், அதற்கு முன் இந்தப் பகுதியில் அட்டை வாங்கியவர்களின் பதிவுகள் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கியவை. வேலைவாய்ப்பில் முன்னுரிமை, பிள்ளைகளின் கல்வி உதவி, நலத்திட்டங்கள் என எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது இந்த அட்டைதான். உதாரணத்துக்கு, முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 3,000 ரூபாயும், மாணவர்களுக்கு 2,500 ரூபாயும் கிடைக்கிறது. தேர்வாகும் பிள்ளைக்கு அது ஒரு காலேஜ் ஃபீஸ்.

மூன்றாவது, கேன்டீன் ஸ்மார்ட் கார்டு. நான்காவது, இ.சி.எச்.எஸ். கார்டு. 2003 ஏப்ரல் 1-ம் தேதி தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் அட்டை இது. நடு ராத்திரியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது இதன் அருமை தெரியும்.

இவற்றோடு டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ. இந்த இரண்டும் அட்டை வடிவில் இல்லாவிட்டாலும், மற்ற எல்லா அட்டைகளுக்கும் தாய்வேர் இவைதான்.

எதிரிகூடப் பறிக்கக் கூடாத அட்டை

ராணுவ அடையாள அட்டைக்கு உலக அளவில் என்ன மரியாதை தெரியுமா? 1949-ம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளைப் பற்றியது. அதன் 17-வது பிரிவு, போரில் பிடிபடக்கூடிய ஒவ்வொருவருக்கும் அவரது நாடு ஓர் அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்கிறது. பெயர், பதவி, படை எண், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடுமானவரை 6.5-க்கு 10 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. கேட்டால் கைதி அட்டையைக் காட்ட வேண்டும். ஆனால், எந்தச் சூழ்நிலையிலும் அதை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது.

பிடித்து வைத்திருக்கும் எதிரி நாட்டுக்கே அந்த உரிமை இல்லை. நாமோ, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில், "அண்ணே, வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், ரெண்டு காப்பி போடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

அமெரிக்காவில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அரசுத் துறைகளின் அடையாள அட்டைகளை அனுமதியில்லாமல் போட்டோ எடுப்பதும், நகல் எடுப்பதும் அங்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தள்ளுபடி தரும் கடைக்காரர் ராணுவ அட்டையைப் பார்க்கலாம், ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. 'பார்ப்பது வேறு, நகல் எடுப்பது வேறு' என்ற இந்த வித்தியாசத்தை நாமும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்னை தீரும்.

போட்டோ எப்படி வெளியே போகிறது?

அட்டை தொலைந்தால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறோம். பர்ஸ் பத்திரமாகப் பாக்கெட்டில் இருக்கும்போதே அட்டையின் படம் ஊர் சுற்றிக்கொண்டிருக்கலாம். வழிகள் இவை.

ஒன்று, ஆன்லைனில் பொருள் விற்கும்போது. வீரர் ஒருவர் தன் பழைய பைக்கை விற்க விளம்பரம் கொடுக்கிறார். வாங்க வருபவர்போல ஒருவர், "நம்பிக்கைக்காக உங்க ஐ.டி. கார்டை அனுப்புங்க சார், நானும் ஆர்மிதான்" என்கிறார். வீரரும் அனுப்பிவிடுகிறார். பைக்கை யாரும் வாங்குவதில்லை. அந்த அட்டைதான் அடுத்த பத்து விளம்பரங்களுக்கு முகம்.

இரண்டு, ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ நாம் அனுப்பும் ஃபைல், அந்த கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரிலேயே கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அதே கம்ப்யூட்டரில் அடுத்து உட்காரப்போவது யார் என்று அவருக்கும் தெரியாது.

மூன்று, பெருமை. ஜனவரி 15 ராணுவ தினம், ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் வந்தால் அப்பாவின் அட்டையை இன்ஸ்டாகிராமில் போட்டு 'ப்ரௌட் சன்' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. பெருமைப்பட வேண்டியதுதான், தப்பே இல்லை. ஆனால், படை எண்ணும் பிறந்த தேதியும் தெரியும் அட்டையைப் போடுவது, வீட்டுச் சாவியைப் போட்டோ எடுத்துப் போடுவது மாதிரி.

நான்கு, உதவி செய்கிறோம் என்ற நினைப்பு. ரோட்டில் ஓர் அட்டை கிடக்கிறது. எடுத்தவர் நல்ல மனதோடு போட்டோ எடுத்து, 'உரியவருக்குச் சேரும் வரை பகிரவும்' என்று ஊர் குரூப்பில் போடுகிறார். அரை மணி நேரத்தில் சொந்தக்காரருக்கு அட்டை கிடைத்துவிடும். ஆனால், அந்தப் படம் அப்புறமும் பல குரூப்களில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

உடைக்கு ஒரு பாதுகாப்பு செய்ய முடிந்தது. 2022 ஜனவரி 15 அன்று அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் வடிவமைப்பை ராணுவம் பதிவு செய்தது. வெளிக்கடைகளில் அதை விற்கக் கூடாது. ஆனால், போன் கேமராவில் எடுத்த அட்டைப் படத்துக்கு அப்படி வேலி போட முடியாது. ஒரு தடவை வெளியே போனால் போனதுதான்.

அந்தப் படத்தை வைத்து என்ன செய்வார்கள்?

வாகன விற்பனை, நாம் பார்த்ததுதான். விலை பேசி முடித்ததும், "வண்டியை ஆர்மி டிரான்ஸ்போர்ட்டில் அனுப்புறேன், அதுக்கு மட்டும் 3,000 ரூபாய் போடுங்க" என்பார்கள். பிறகு ஜி.எஸ்.டி., இன்ஷூரன்ஸ், 'திரும்பக் கிடைக்கும்' டெபாசிட் என்று ஒவ்வொன்றாகக் கறப்பார்கள். வண்டி வராது. ஒன்றை நினைவில் வையுங்கள்: தனிநபர் விற்கும் பைக்கை உங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கி, கட்டணம் வசூலிக்கும் சேவை எதுவும் ராணுவத்தில் கிடையாது.

வீட்டு வாடகை இன்னொரு வகை. "எனக்கு உங்க ஊர்ப் பக்கம் போஸ்டிங். அட்வான்ஸை ஆர்மி அக்கவுன்ட்டில் இருந்து போடுறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். பணம் வருவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யு.பி.ஐ. பின் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

ஹோட்டல், ஸ்வீட் ஸ்டால், மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு 'கேம்ப்புக்கு நூறு பிரியாணி' மாதிரியான ஆர்டர் வரும். உணவு தயாரான பிறகு, பணம் அனுப்புவதாகச் சொல்லி இதே க்யூ.ஆர். நாடகம். பிரியாணியும் வீண், பணமும் போச்சு.

இளைஞர்களைக் குறிவைப்பது இன்னும் மோசம். "நான் ரெக்ரூட்மென்ட்டில் இருக்கேன், அக்னிவீர் வேலை வாங்கித் தரேன்" என்று அட்டையைக் காட்டி லட்சக்கணக்கில் கேட்பார்கள். கரும்பு வெட்டிச் சேர்த்த காசும், நகையை அடகு வைத்த காசும் இதில்தான் போகும். ராணுவ ஆள்சேர்ப்புக்கு லஞ்சமும் தேவையில்லை, இடைத்தரகரும் தேவையில்லை. 2023 முதல் ஆன்லைன் பொது நுழைவுத் தேர்வுதான் முதல் படி. அதற்கு விண்ணப்பிப்பது ராணுவத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும்தான்.

திருமண வரன் தேடும் தளங்களிலும் இதே அட்டைதான், இதே யூனிஃபார்ம் படம்தான்.

இப்படி எல்லாவற்றிலும் விற்பனைக்கு வைக்கப்படுவது ராணுவத்தின் மேல் சாதாரண மக்கள் வைத்திருக்கும் மரியாதை. அதனால், முன்பின் தெரியாத ஒருவர் கேட்காமலேயே ராணுவ அட்டையின் போட்டோவை அனுப்பினால், அதை நம்பிக்கைக்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமான வீரர், அறிமுகமில்லாதவருக்குத் தன் அட்டையை அனுப்பக் கூடாது என்று பயிற்சி பெற்றவர். 2020 ஜூலையில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. தகவல் கசிவு விஷயத்தில் அவர்கள் அவ்வளவு கண்டிப்பு.

"மச்சான், கேன்டீன் கார்டை கொஞ்சம் கொடேன்!"

ராணுவக் குடும்பங்கள் எல்லோரும் சந்திக்கும் சங்கடம் இது. விசேஷ வீட்டுக்கு மிக்ஸி வேண்டும், ஃபிரிட்ஜ் வேண்டும், முக்கியமாக 'சரக்கு' வேண்டும். "கார்டையும் பின் நம்பரையும் கொடுத்தா நானே போய் வாங்கிக்கிறேன்" என்பார்கள் சொந்தக்காரர்கள். மறுத்தால் வருத்தம்.

கேன்டீன் பொருள்கள் அட்டைதாரருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் மட்டுமானவை. கேன்டீன் மதுவை வெளியே விற்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மச்சான் வாங்கிய பாட்டில் வேறு யாரிடமோ பிடிபட்டால், போலீஸ் தேடி வருவது அட்டையில் பெயர் இருப்பவரை. அட்டை முடக்கப்பட்டால் இழப்பு உங்கள் வீட்டுக்குத்தான். "விதிப்படி கொடுக்கக் கூடாது மாமா, வேணும்னா நானே கூட வரேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பின் நம்பரை அட்டையின் உறையில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

பத்திரப்படுத்த எளிய வழிகள்

* எல்லா அட்டைகளையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். அன்றைக்கு எது தேவையோ அதை மட்டும் எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் புக்கும் பி.பி.ஓ-வும் வீட்டைவிட்டு வெளியே போவது அபூர்வமாக இருக்கட்டும்.

* அட்டை எண்களை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். தொலைந்தால் புகார் கொடுக்க எண்கள் போதும், போன் கேலரியில் படம் தேவையில்லை.

* ஜெராக்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால், அசல் அட்டையைக் கையில் கொண்டுபோய், நின்று எடுத்து வாங்கி வாருங்கள். ஒவ்வொரு நகலிலும் 'இன்ன காரணத்துக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டு, குறுக்கே கையெழுத்து போடுங்கள். சரியாக விழாத நகலைக் கிழித்துவிட்டு வாருங்கள்.

* வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டிய நிலை வந்தால், வேலை முடிந்ததும் கடை கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லி, அழிப்பதைக் கண்ணால் பாருங்கள்.

* "ஸ்பர்ஷ் ஆபீஸில் இருந்து பேசுறோம், லைஃப் சர்டிஃபிகேட் பெண்டிங், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் கட் செய்துவிடுங்கள். உங்கள் படை எண்ணையும் பி.பி.ஓ. எண்ணையும் அவர்கள் சரியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். கசிந்த நகலில் அந்த எண்கள்தானே இருக்கின்றன.

தொலைந்துவிட்டால்?

பதறாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். "எங்கயாவது வீட்லதான் இருக்கும்" என்று ஒரு மாதம் கழிப்பதுதான் பெரிய தப்பு.

முதலில், அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களைப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. எந்தத் தேதியில் தொலைந்தது என்று எழுத்தில் பதிவாவது முக்கியம். அதற்குப் பிறகு அந்த அட்டையை வைத்து யாராவது எதையாவது செய்தால், உங்களைக் காப்பாற்றப்போவது அந்தத் தேதிதான்.

பணியில் இருப்பவர் என்றால் உடனே யூனிட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அங்கே விசாரணை உண்டு, ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். அந்தப் பயத்தில் மறைத்தால் சிக்கல் இரட்டிப்பாகும். முன்னாள் வீரர் அட்டை என்றால் மாவட்ட நல அலுவலகம், கேன்டீன் கார்டு என்றால் பதிவு செய்த கேன்டீன், மருத்துவ அட்டை என்றால் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் சொன்னால் மற்ற இடத்துக்குத் தானாகப் போகாது.

உங்கள் அட்டையை வைத்து யாரோ மோசடி செய்வது தெரிந்தாலோ, நீங்களே பணத்தை இழந்தாலோ, 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அடுத்தவர் பெயரில் கம்ப்யூட்டர், போன் வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவில், ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐந்து ஆண்டு வரை சிறை.

ரோட்டில் யாருடைய ராணுவ அட்டையாவது உங்கள் கண்ணில் பட்டால், போட்டோ எடுக்காமல் நேராகக் காவல் நிலையத்தில் கொடுங்கள். குரூப்பில் போட்டே ஆக வேண்டும் என்றால், 'இந்தப் பெயர் உள்ள அட்டை கச்சிராயபாளையம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுள்ளது' என்று எழுத்தில் மட்டும் போடுங்கள். போதும்.

வீட்டம்மாவுக்குத் தெரியுமா?

கடைசியாக ஒரு விஷயம். பல வீடுகளில் அட்டை, டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் விவரம் எல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று மனைவி சொல்வார். அவர் திடீரென்று இல்லாமல் போகும்போதுதான், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அந்தம்மா தடுமாறுவார். கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒவ்வொரு காகிதத்துக்காகவும் திரும்பத் திரும்ப பஸ் பிடித்து இறங்கி வருவதை நினைத்துப் பாருங்கள்.

கணவர் நன்றாக இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் குடும்ப ஓய்வூதியம் இழுத்தடிக்கும். மாறியிருந்தால் மாவட்ட நல அலுவலகத்தில் கேட்டு இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். அவர் மறைந்த பிறகு, அவருடைய அட்டையை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள மனம் சொல்லும். அதை அலுவலகத்தில் ஒப்படைத்து, மனைவி தன் பெயரில் அட்டை பெற்றுக்கொள்வதுதான் முறை. இறந்தவரின் அட்டை வெளியே கிடப்பது, கேள்வி கேட்க ஆளில்லாத மோசடிக்கு வசதி.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டிரங்க் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் எடுத்து வைத்து, கணவன், மனைவி, பிள்ளைகள் என எல்லோரும் உட்கார்ந்து எது எதற்கு என்று ஒரு தடவை பேசிவிடுங்கள். பேசி முடித்ததும், எல்லோருடைய போன் கேலரியிலும் வாட்ஸ்அப்பிலும் தேடிப் பார்த்து, அங்கே இருக்கும் அட்டைப் படங்களை முதல் வேலையாக அழித்துவிடுங்கள்.